பீடிப் புள்ளி

தேசப்பன் ரசாயனப் பரிசோதனைக் கூடத்துக்கு அதுவரை மனிதரிடமிருந்து எந்த மாதிரியும் வந்ததில்லை. எண்ணூர் பாய்லர்களின் தண்ணீர் வரும். மீன் மாவு வரும். விளக்கெண்ணெய், கந்தகம், சாம்பல் வரும். இவை எதுவும் தன் முடிவைத் தெரிந்துகொள்ள வாசலில் வந்து நின்று அழுததில்லை. ஃப்ளோரன்ஸுக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு. ஆனால் பஸ்ஸில் இறங்க வேண்டும் என்று கண்டக்டரிடம் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடத்தில் தானும் இறங்கி மிச்ச தூரம் நடந்து வருகிற பெண். கல்மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய எண்ணெய்க் கிடங்கின் மாடியில் இருந்த அந்தக் கூடத்தில் நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசினால் போதும். அதில் ஆறு "சரிங்க சார்."

எழுபத்தேழாம் வருஷம், துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஒரு கம்பெனிக்கு அதன் பம்பாய் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. வெளிநாட்டு மாலுமிகள் ஒருவகைத் தூள் கொண்டுவருகிறார்கள். அதைப் போட்டவனுக்குக் கண் திறந்தே இருக்கும், கை அசையாது, வலி தெரியாது. உடம்பு ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடும். தான் தன் உடம்பை விட்டு விலகி நிற்பதுபோல அவனுக்குத் தோன்றும். வின்ச், கிரேன் ஓட்டுபவர்களில் யாராவது அப்படிக் காணப்பட்டால் சிறுநீரைப் பரிசோதித்து, தூள் இருந்தால் வேலையை விட்டு நீக்கவும்.

லேபர் ஆபீசர் தண்டபாணி இதை மூன்று தடவை படித்தார். சுற்றறிக்கை என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு ஓர் ஆள் தேவைப்படும். நான்காம் நாள் யேசுதாஸ் அகப்பட்டான்.

யேசுதாஸ் பதினான்கு வருஷமாக, கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவன். அந்தத் திங்கட்கிழமை பகல் மூன்று மணிக்கு உர மூட்டைகளைக் கப்பலிலிருந்து தூக்கியவன், பாதியில் நிறுத்திவிட்டான். மூட்டைகள் அந்தரத்தில் தொங்கின. கீழே நின்ற மேஸ்திரி கத்தினார். யேசுதாஸின் கண்கள் திறந்திருந்தன. கை நெம்புகோலின் மேல் இருந்தது. ஆள் மட்டும் இல்லை. இரண்டு நிமிஷம் கழித்துத் தூக்கிவாரிப் போட்டவனைப் போலக் கையை இழுத்ததில் மூட்டைகள் ஒரு லாரியின் மேல் இறங்கின. லாரியில் யாரும் இல்லாதது அதன் டிரைவருடைய அதிர்ஷ்டம்.

அவன் ஞாயிறு இரவு பதினோரு மணியிலிருந்து இடைவெளி இல்லாமல் இரண்டு ஷிப்டு வேலை பார்த்திருந்தான். அது கம்பெனியின் வருகைப் பதிவேட்டிலேயே இருந்தது. ஆனால் பதினாறு மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தவன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவானா என்று பரிசோதிக்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.

யேசுதாஸின் சிறுநீரைப் பார்த்துச் சொல்லும்படி தண்டபாணியின் கடிதம் தேசப்பனுக்கு வந்தது. "சார், நம்மால் முடியுமா?" என்று ஃப்ளோரன்ஸ் கேட்டாள். அன்றைக்கு அவள் பேசிய ஏழாவது வார்த்தையோ எட்டாவது வார்த்தையோ அது.

"பாய்லர் தண்ணியில இரும்பு இருக்கான்னு பாக்கறோம். இதுவும் தண்ணிதானேம்மா" என்றார் தேசப்பன். முப்பது வருஷம் அரசாங்க ஆய்வுக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதிதாக எது வந்தாலும் ஆசையோடு புத்தகத்தை எடுத்துவிடுவார்.

முறை புத்தகத்தில் இருந்தது. சிறுநீரில் அம்மோனியா சேர்த்து, குளோரோஃபாமோடு குலுக்கி, மருந்து எதுவும் இருந்தால் அதை குளோரோஃபாமுக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். அதை ஆவியாக்கி, மிச்சத்தை வெள்ளைப் பூச்சுப் பூசிய கண்ணாடித் தட்டின் அடியோரத்தில் ஒரு பொட்டாக வைக்க வேண்டும். தட்டைக் கரைப்பானில் நிறுத்தினால் அது பூச்சின் வழியாக மேலே ஏறும். ஏறும்போது மருந்துகளையும் இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு மருந்தும் தன்னால் முடிந்த உயரத்தில் நின்றுவிடும். பிறகு ஒரு சாயத்தைத் தெளித்தால் அவை நின்ற இடங்களில் ஊதாப் புள்ளிகள் தோன்றும். பக்கத்திலேயே தெரிந்த மருந்து ஒன்றை ஓட்டி வைத்திருந்தால், உயரத்தை ஒப்பிட்டு இது அதுவா என்று சொல்லலாம்.

ஒப்பிட அந்தத் தூள் வேண்டுமே, அதற்கு எங்கே போவது? தேசப்பன் அதற்கும் வழி கண்டுபிடித்தார். அந்தத் தூளுக்குச் சகோதர உறவுள்ள ஒரு மருந்து, மயக்க ஊசியாக, பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்தது. டாக்டரிடம் கடிதம் கொடுத்து ஒரு குப்பி வாங்கினார். "அண்ணன் கிடைக்கலேன்னா தம்பியை நிறுத்திப் பாக்கலாம். தூள் இதுக்குக் கிட்டத்துல எங்கேயோ நிக்கும்" என்றார்.

பழகிப் பார்க்க இரண்டு மனிதர்கள் தேவைப்பட்டார்கள். ஒருவர் தேசப்பனே. இன்னொருவர் வாட்ச்மேன் தவசிமுத்து.

"அறுபது வருசமா சும்மா வுட்டுக்கினு இருந்தேன். இதுக்கு இம்மாம் மவுசு கீதுன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றபடி தவசிமுத்து பாட்டிலை நீட்டினார்.

தேசப்பனின் தட்டு வெறுமையாக இருந்தது. தவசிமுத்துவின் தட்டில் கருநீலத்தில் ஒரு பெரிய புள்ளி. ஃப்ளோரன்ஸ் பதறிப்போய்ப் புத்தகத்தைப் புரட்டினாள். நிகோட்டின். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. அன்றிலிருந்து அவள் அதற்கு மனசுக்குள் பீடிப் புள்ளி என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை, ஃப்ளோரன்ஸ் தன் கையால் பெயர் எழுதி ஒட்டிய காலிப் பாட்டில் யேசுதாஸின் வீட்டுக்குப் போயிற்று. காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரைப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். பாய்லர் தண்ணீரை அந்தந்த ஃபாக்டரிக்காரர்களே பிடித்து அனுப்புவதுதான் கூடத்தின் வழக்கம். போய் நின்று பார்ப்பதில்லை. இதையும் அப்படியே செய்தார்கள். பாய்லர் எதையும் மாற்றிக் கொடுக்காது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

புதன்கிழமை ஏழு மணிக்கு யேசுதாஸ் வந்தான். குட்டையான, அகலமான மனிதன். சட்டைப் பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது. பாட்டிலைக் கொடுத்த விரல்கள் இரண்டு பழுப்பேறிக் கிடந்தன.

"எப்பம்மா தெரியும்?"

"சாயங்காலம்" என்றாள் ஃப்ளோரன்ஸ், பாட்டிலைப் பார்த்தபடி.

"என்னத்தையும் போடல நான். தூங்கிட்டேன், அவ்ளோதான். நீ நல்லாப் பாரு தாயி."

அவள் நல்லாப் பார்த்தாள். மதியம் இரண்டு மணிக்குச் சாயம் தெளித்தபோது, யேசுதாஸின் பாதையில் ஊதாப் புள்ளி ஒன்று எழுந்தது. பக்கத்தில் ஆஸ்பத்திரிக் குப்பியின் புள்ளி. இரண்டும் ஒரே உயரம். ஸ்கேலை வைத்து அளந்தாள். வேறொரு கரைப்பானில் இன்னொரு தட்டு ஓட்டினாள், இதிலாவது விலகி நிற்கட்டும் என்று. அதிலும் இரண்டும் தோளோடு தோள் நின்றன.

தேசப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மனிதனிடமிருந்து வந்த முதல் மாதிரியிலேயே முடிவு கிடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. "பாசிட்டிவ்" என்று எழுதி, ஃப்ளோரன்ஸிடம் ஒரு கையெழுத்து வாங்கி, தானும் போட்டு, நாலு மணிக்கெல்லாம் தண்டபாணிக்கு அனுப்பிவிட்டார்.

ஐந்து மணிக்குத் தட்டுகளை எடுத்து வைக்கும்போதுதான் ஃப்ளோரன்ஸ் கவனித்தாள். யேசுதாஸின் பாதையில் ஊதாப் புள்ளி இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது. பீடிப் புள்ளி இல்லை.

அவள் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மறுபடி சாயம் தெளித்தாள். இல்லை. பழுப்பேறிய அந்த விரல்களின் சொந்தக்காரன் ஒரே ராத்திரியில் பீடியை விட்டிருந்தாலும் ரத்தத்துக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

இன்னொன்றும் இருந்தது. தூளுக்கும் ஊசி மருந்துக்கும் அண்ணன் தம்பி உறவுதான் என்றால், புள்ளி கொஞ்சமாவது தள்ளி நின்றிருக்க வேண்டும். இது தள்ளியே நிற்கவில்லை. பாட்டிலில் இருந்தது மாலுமிகளின் தூள் இல்லை. ஆஸ்பத்திரி ஊசியேதான். பீடி குடிக்காத யாரோ ஒருவர், ஊசி போட்டுக்கொண்டவர்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். குப்பியை எடுத்துக் கொடுத்த நர்ஸ் ஞானசெல்வி, ஃப்ளோரன்ஸோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். அவளிடம் கேட்பதற்கே மூன்று தடவை வார்த்தையை மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

"அந்த ஊசியா? ஒரு பெட்டிதாண்டி வந்துச்சு. இந்த வாரம் நாலு பேருக்குப் போட்டோம். மூணு குழந்தைங்க. அப்புறம் உங்க கோயில் தெரு ஜார்ஜ் உபதேசியார். நேத்துக் காலையில. முதுகுல இவ்ளோ பெரிய ராஜபிளவைக் கட்டி. அறுத்து எடுத்து மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

"அவர் பீடி குடிப்பாரா?"

ஞானசெல்வி சிரித்துவிட்டாள். "மூக்குப்பொடியே பாவம்னு சொல்ற ஆளுடி அவரு. உனக்கு விஷயம் தெரியாதா? சொர்க்கத்தைப் பாத்துட்டு வந்திருக்காரே."

ஃப்ளோரன்ஸுக்குத் தெரியும். தெரு முழுக்கத் தெரியும். தான் கூரையை ஒட்டி நின்றதாகவும், கீழே தன் உடம்பை நாலு பேர் அறுப்பதைப் பார்த்ததாகவும், வலி என்பதே இல்லாமல் வெளிச்சத்தால் ஆன ஒரு குழாய்க்குள் மிதந்து போனதாகவும், அந்த முனையில் யாரோ வெள்ளை உடையில் கையசைத்ததாகவும் உபதேசியார் கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகத் தெருவில் ஜெபம் சொல்லிக் கொடுத்தவருக்குக் கிடைத்த பலன் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஃப்ளோரன்ஸின் அம்மாகூட முந்தின நாள் மாலை மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"ஊசிக்கூட ஒரு தாள் வந்துச்சு பாரு, அதுல அப்படியே போட்டிருக்கு" என்றாள் ஞானசெல்வி. "உடம்பை விட்டு விலகின மாதிரி இருக்கும், வெளிச்சம் தெரியும், பயப்பட வேண்டாம்னு. டாக்டர் படிச்சுக் காட்டினாரு. வெள்ளையா கையசைச்சது நான்தாண்டி. 'எழுந்திருங்க, எழுந்திருங்க'ன்னு அரைமணி நேரம் கையசைச்சேன்."

மறுநாள் காலையில் ஒரு பெண் கிடங்கின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். யேசுதாஸின் மனைவி இருதயம்மாள், அதே கோயில் தெருக்காரி. ஃப்ளோரன்ஸைக் கண்டதும் எழுந்து வழியை மறித்துக்கொண்டாள்.

"நீ அம்புரோஸ் அண்ணன் பொண்ணு தானே? இன்னாமா எழுதிட்டீங்க? வேலய வுட்டு நிறுத்தறோம்னு ஆபீசரு சொல்ட்டாரு. திங்கக்கெழம கடுதாசி குடுப்பாங்களாம். மூணு புள்ளைங்கம்மா. பதினாலு வருசம்மா."

மீன் மாவு இப்படிக் கேட்டதே இல்லை.

"அந்த மனுஷன் பீடியத் தவுர வேற ஒண்ணத்தையும் தொட்டதில்ல. சாமி சத்தியமா."

"அக்கா" என்றாள் ஃப்ளோரன்ஸ் மெதுவாக, "பாட்டில்ல இருந்தது அவரோடது இல்ல."

இருதயம்மாளின் அழுகை நின்றது. "யாரு சொன்னா?"

"தட்டு."

"எந்தத் தட்டு? சோத்துத் தட்டா?"

ஃப்ளோரன்ஸ் அவளை உள்ளே கூட்டிப்போய்த் தட்டுகளைக் காட்டினாள். இது வாட்ச்மேனுடையது, இது பீடி. இது உங்கள் வீட்டிலிருந்து வந்தது, இதில் பீடி இல்லை. இருதயம்மாள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் எங்க அண்ணன் வூட்ல ஞானஸ்நானம். கொழந்தைக்கு. அங்க ரெண்டு கிளாசு போட்டுக்கினாரு. பட்ட. இப்பத்தான் மறுபடி சாராயத்தத் தட பண்ணிட்டாங்களே, பாட்டில்ல அது தெரிஞ்சா போலீஸு கேஸாயிடும்னு பயந்துக்கினேன். அவருக்குத் தெரியாம மாத்திட்டேன்."

"யாரோடது?"

"யோசிச்சுதாம்மா பண்ணேன். தெருவுல குடிக்காதவரு, பொய் சொல்லாதவரு, பொடிகூட போடாதவரு யாருன்னு பாத்தேன். ஒருத்தர்தான். அவரு குப்புறப் படுத்துக்கினு கீறாரு, அவரு தங்கச்சிதான் மூத்திரப் பாத்தரத்த எடுத்தாந்து வெளிய ஊத்தும். நான் ஊத்தறேன்னு வாங்கிக்கினேன். சொர்க்கத்தப் பாத்துட்டு வந்த மனுஷன். அவருதுல இன்னா கெடுதி இருக்கும், நீயே சொல்லு?"

ஃப்ளோரன்ஸ் சொன்னாள். ஊசியைப் பற்றி, தாளைப் பற்றி, ஒரே உயரத்தில் நின்ற புள்ளிகளைப் பற்றி. ஞானசெல்வி கையசைத்ததை மட்டும் சொல்லவில்லை.

இருதயம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊசி போட்டா சொர்க்கம் தெரியுமா? மூணு பிரசவத்துக்கு எனக்குந்தான் ஊசி போட்டாங்க. எனக்கு ஏன் ஒண்ணும் தெரியல?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சரி, சாராயம் எந்த எடத்துல தெரியும் இதுல?"

"தெரியாதுக்கா."

"தெரியாதுன்னா?"

"இந்தத் தட்டுக்குச் சாராயம் தெரியாது. அதைப் பாக்கச் சொல்லி எங்களை யாரும் கேக்கவும் இல்ல."

"அப்ப அவருதையே குட்த்திருந்தா?"

"பீடி மட்டும்தான் வந்திருக்கும்."

இருதயம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "படிச்சவங்க நீங்க. அத்த ஒரு சீட்டுல எழுதி பாட்டில்ல ஒட்டியிருக்கலாமில்ல?" என்றாள். பாட்டிலில் சீட்டை எழுதி ஒட்டியவள் ஃப்ளோரன்ஸ்தான். அதில் பெயரும் தேதியும் இருந்தன.

தேசப்பன் பத்து மணிக்கு வந்தார். ஃப்ளோரன்ஸ் தட்டை அவர் முன்னால் வைத்தாள். பீடிப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தாள். அவர் கெட்டிக்காரர். அரை நிமிஷத்தில் அவர் முகம் மாறியது.

"மாத்திட்டாங்களா?"

"ஆமாம் சார்."

"யாருகிட்டயும் சொல்லாதே. பாட்டிலை வீட்டுக்குக் குடுத்து அனுப்பினது நாம. இது வெளியே போனா நாளைக்கு எண்ணூர்க்காரன் பாய்லர் தண்ணியைக்கூட நம்மகிட்ட குடுக்க மாட்டான்."

"அவருக்கு வேலை போயிடும் சார்."

"மாத்திக் குடுத்தான்னு சொன்னா மட்டும் இருக்குமா? ஏமாத்தினதுக்காகப் போகும். இன்னும் சீக்கிரமாப் போகும்."

இது நிஜம். ஃப்ளோரன்ஸ் ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு மாதிரி கேக்கலாம் சார். இங்கேயே, நம்ம எதிர்லேயே. ஒரு தடவை பாத்தது போதாது, உறுதி பண்ணணும்னு புத்தகத்துலயே இருக்கு."

"ரிப்போர்ட் போயாச்சும்மா. ரெண்டாவது தடவை கேட்டா முதல் தடவை தப்புன்னு ஆயிடும்."

"நீங்க கேக்கலேன்னா நான் தண்டபாணி சார்கிட்ட போய்ச் சொல்லிடுவேன்."

தேசப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா? பேசிடுவியா?"

அவளுக்கும் அது நிச்சயமில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் ஓர் அடி வைத்தாள். தேசப்பன் ஒரு பெருமூச்சு விட்டு, உறுதிப்படுத்தும் பொருட்டு மறுமாதிரி தேவை என்று கடிதம் எழுதினார்.

சனிக்கிழமை யேசுதாஸ் வந்தான். இந்தத் தடவை தவசிமுத்து கழிவறைக் கதவருகே தடியோடு காவல் நின்றார்.

"மாமு, பாத்துக்கினே நின்னா எப்பிடி வரும்?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"கடலப் பாத்துக்கினு நிக்கறதா நெனச்சுக்கோ."

"கடலப் பாத்தா எனக்குத் தூக்கம்தான் வருது."

ஒன்பது நிமிஷம் ஆயிற்று. பாட்டில் கதவிலிருந்து நேராக ஃப்ளோரன்ஸின் கைக்கு வந்தது. சாயம் தெளித்ததும் பீடிப் புள்ளி கருநீலமாக, தவசிமுத்துவினுடையதைவிடப் பெரிதாக எழுந்தது. குப்பியின் உயரத்தில் ஒன்றுமே இல்லை. அவள் "நெகட்டிவ்" என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டு, யார் எதிரில் எடுக்கப்பட்டது என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை தண்டபாணி இரண்டு ரிப்போர்ட்டுகளோடு கூடத்துக்கே வந்துவிட்டார். பின்னாலேயே யேசுதாஸ். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு இருதயம்மாள். வியாழக்கிழமை இரவே அவள் புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள் என்பது இரண்டு பேர் முகத்திலும் தெரிந்தது.

தண்டபாணி இரண்டு காகிதங்களையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "புதன்கிழமை இருந்தது. சனிக்கிழமை இல்லை. ரொம்பத் திருப்தி. விட்டுட்டான்."

யேசுதாஸ் வாயைத் திறந்தான். "சார், நான் எதையும் போடவே இல்ல சார்."

"போடலேன்னா முதல் ரிப்போர்ட் பொய்னு ஆகுது." தண்டபாணி ஃப்ளோரன்ஸ் பக்கம் திரும்பினார். "என்ன மிஸ், உங்க ரிப்போர்ட் பொய்யா?"

தேசப்பன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். இருதயம்மாள் ஃப்ளோரன்ஸைப் பார்த்தாள். பாட்டில் மாறிய கதையைச் சொன்னால் யேசுதாஸ் தூள் போடாதவன் ஆவான். கம்பெனியை ஏமாற்றியவனும் ஆவான். உபதேசியாரின் பெயரும் வரும். பொய் என்று சொன்னால் அது பொய். அந்தப் பாட்டிலில் மருந்து இருந்தது. அவளே இரண்டு கரைப்பானில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள்.

"ரிப்போர்ட் சரிதான் சார்" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. தண்டபாணிக்குக் கேட்டது.

"பாத்தியா? படிச்ச பொண்ணு சொல்லுது." அவர் சட்டைப் பையிலிருந்து சுற்றறிக்கையை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். பழக்கத்தை விட்டுவிட்டதாகப் பரிசோதனையில் தெரிந்தவனுக்கு ஒரே ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம். ஆனால் தான் செய்ததை அவன் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். என்ன எடுத்துக்கொண்டான், எடுத்துக்கொண்டபோது என்ன உணர்ந்தான் என்பது விவரமாக இருக்க வேண்டும். "மனசாரச் சொல்றவனைத்தான் திருப்பிச் சேர்க்கலாம். மழுப்பினா இந்தக் கடுதாசி" என்று வேலைநீக்க உத்தரவையும் மேஜைமேல் வைத்தார்.

யேசுதாஸ் உத்தரவைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். "சரி சார். போட்டேன்" என்றான்.

"மிஸ், நீங்க எழுதுங்க. எங்கே கிடைச்சுது?"

"கப்பல்காரன் குட்த்தான். பேரு தெரியாது."

"போட்டதும் எப்படி இருந்தது?"

யேசுதாஸ் தலையைச் சொறிந்தான். "நல்லா இருந்திச்சு சார்."

"அது போதாது. விவரமா."

"தல சுத்திச்சு."

"அது வெயில்ல நின்னாலும் சுத்தும். இதுல வேற மாதிரின்னு போட்டிருக்கு." தண்டபாணி உத்தரவின் பக்கம் கையை நீட்டினார்.

"சார்," என்றாள் இருதயம்மாள் வாசலிலிருந்து, "அவருக்கு வெக்கம். எங்கிட்ட சொன்னாரு. நான் சொல்லட்டா?"

"சொல்லும்மா."

"கூரைய ஒட்டினாப்ல நின்னாராம். கீழ பாத்தா இவரு உடம்பே படுத்துக்கினு கீதாம். நாலு பேரு கத்தி வெச்சிக்கினு அறுக்கறாங்களாம், வலியே இல்லியாம். அப்புறம் ஒரு குழா மாதிரி வெளிச்சம். அதுக்குள்ள அப்பிடியே மெதந்துக்கினு போனாராம்." கொஞ்சம் நிறுத்தி, ஃப்ளோரன்ஸைப் பார்க்காமல், "அந்த முனையில வெள்ளையா யாரோ கை ஆட்டினாங்களாம்" என்று முடித்தாள்.

ஃப்ளோரன்ஸ் எழுதிக்கொண்டே வந்தாள். அழகான, சின்ன எழுத்து. வெள்ளையில் கையசைத்தவரிடம் வந்தபோது மட்டும் பேனா ஒரு விநாடி நின்று, பிறகு அதையும் எழுதியது.

தண்டபாணி காகிதத்தை வாங்கிச் சுற்றறிக்கையோடு வரிக்கு வரி ஒப்பிட்டார். உடம்பை விட்டு விலகி நிற்பது. வலி தெரியாதது. எல்லாம் இருந்தது. அவர் முகத்தில் ஒரு மரியாதையே வந்துவிட்டது. "கற்பனையில இப்படியெல்லாம் வராது சார்" என்று தேசப்பனிடம் சொன்னார். "அனுபவிச்சவன்தான் சொல்ல முடியும். நேர்மையான ஆள்." யேசுதாஸ் கையெழுத்துப் போட்டான். வேலைநீக்க உத்தரவை தண்டபாணி நான்காகக் கிழித்தார். நாளைக் காலை ஷிப்டுக்கு வரச் சொன்னார். பம்பாய்க்கு எழுதப்போவதாகவும், சுற்றறிக்கை வந்து மூன்று வாரத்துக்குள் ஒருவனைக் கண்டுபிடித்துத் திருத்தியும் விட்ட கம்பெனி துறைமுகத்திலேயே இது ஒன்றுதான் என்றும் சொல்லிவிட்டு, இனி வின்ச்காரர்கள் முப்பத்திரண்டு பேரையும் இங்கேயே அனுப்புவதாக வாக்குக் கொடுத்துப் படியிறங்கினார். தேசப்பன் அவரை வழியனுப்பப் பின்னாலேயே போனார்.

இருதயம்மாள் கோயிலுக்குப் போக வேண்டும் என்று முன்னால் கிளம்பிவிட்டாள். யேசுதாஸ் மட்டும் நின்றான். எதையோ சொல்ல வந்தவன் போலக் கையைப் பிசைந்தான்.

"வேல கெடச்சிருச்சு தாயி. அது போதும்."

"ம்" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"ஆனா வெள்ளிக்கெழமலேர்ந்து பசங்க வூட்டாண்ட வந்து பேஜாரு பண்றானுங்க. அந்தத் தூளு எங்க கெடைக்குது நைனா, எங்களுக்கும் கொஞ்சம் சொல்லேன்னு. நாளைக்கு வேலைக்குப் போனா சும்மா வுட மாட்டானுங்க. இன்னா சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்லுங்க."

யேசுதாஸ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அத்த எவன் நம்புவான்? வெளிச்சம் வரைக்கும் எழுதி, கையெழுத்து வேற போட்டுக் குட்த்துட்டனே."